தொட்டதும் போன ஐசி: உங்களுக்கும் நடந்ததுண்டா?

சாலிடர்புகை:
மூன்று வாரமாகியும் மனசு ஆறவில்லை. 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலர் (குட்டிக் கணினி போன்ற ஐசி, அதாவது சிப்) வைத்த போர்டு. எல்லாம் ஓடிவிட்டது, டப்பாவில் பொருத்துவதுதான் பாக்கி. பவரைக் கழற்றிவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து போர்டை எடுக்கக் கை நீட்டினேன். சென்சார் கனெக்டரின் பின்னுக்கும் என் விரல் நுனிக்கும் நடுவே 'டிக்'. ஊசி குத்தினாற்போல ஒரு சுருக். அவ்வளவுதான். திரும்பப் பவர் கொடுத்தால் ஐசி மேல் விரல் வைக்க முடியாத சூடு. உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப் என்னிடம் இல்லாமல் இல்லை, டிராயரில் இருந்தது.

ஓம்விதி:
எது செத்தாலும் ஸ்டாட்டிக் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. அநேகமாக ஒவ்வொரு பின்னிலும் உள்ளேயே கிளாம்ப் டயோடு (மிஞ்சும் வோல்டேஜை சப்ளைக்கோ கிரவுண்டுக்கோ திருப்பிவிடுவது) உண்டே. என் போர்டு போனது வேறு மாதிரி. சப்ளையை உருவிய பிறகும் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது! பேய் பிடித்ததோ என்று பார்த்தேன். எதிர்முனையிலிருந்து வந்த 5 வோல்ட் சீரியல் லைன், அதே கிளாம்ப் டயோடு வழியாக ஐசி முழுவதற்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் அந்தப் பின் காலி. நடுவில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

கேட்_ஆக்சைடு:
ஓம்விதி, அவருக்குச் சுருக்கென்று குத்தியிருக்கிறது, கவனித்தீர்களா? அதை நாம் உணரவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். பல ஐசிகளின் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) தாங்கும் என்று சொல்லும் 2,000 வோல்ட், மனித உடம்புக்குப் பதிலாக 100 பிகோஃபாரட் கெபாசிட்டரை சார்ஜ் செய்து 1,500 ஓம் வழியாகக் கொட்டிப் பார்த்த கணக்கு. ஐசியைத் தொழிற்சாலையில் கையாளும்போது தாங்கினால் போதும் என்பதற்கானது. எனக்கு நடந்தது இன்னும் மோசம். டிக் சத்தமும் இல்லை, சூடும் இல்லை. ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) காட்டும் அளவு மட்டும் மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்தது. ஐசியை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதுவரை புரோகிராமையே திட்டிக்கொண்டிருந்தேன். பிங்க் ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில்தானே வைத்திருந்தேன் என்று சொல்லாதீர்கள். அது தானாகச் சார்ஜ் ஆகாது, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளி நிற ஷீல்டிங் கவர்தான் தடுக்கும்.

டிவிஎஸ்_ரசிகன்:
என்னுடையது 24 வோல்ட் அடாப்டர். செருகின நொடியில் ரெகுலேட்டர் வெடித்தது. சரி, அதை விடுங்கள். சாலிடர்புகை, அடுத்த போர்டில் கனெக்டரை ஒட்டியே டிவிஎஸ் டயோடு (திடீர் வோல்டேஜ் பாய்ச்சலை கிரவுண்டுக்குத் திருப்பும் டயோடு) வையுங்கள். ஐசி பக்கத்தில் வைத்தால் பாதி வீண். 8 கிலோவோல்ட் ஸ்டாட்டிக் சோதனையில் கிட்டத்தட்ட 30 ஆம்பியர் ஒரு நானோசெகண்டுக்குள் ஏறும். டிரேஸின் (போர்டிலுள்ள செம்புக் கோடு) இண்டக்டன்ஸ் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி. அதாவது மில்லிமீட்டருக்கு 30 வோல்ட்! டிவிஎஸ்ஸிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் பாதையும் குட்டையாக இருக்கட்டும். டிவிஎஸ்ஸுக்குப் பதில் ஜீனர் டயோடு போதும் என்று யாராவது சொல்வார்கள்: 3.3 வோல்ட் ஜீனர் அந்த அளவு வருவதற்கு முன்பே கசிய ஆரம்பிக்கும், அனலாக் பின்னில் வைத்தால் அளவு கெடும். அப்புறம், என் அடாப்டர் கதைக்கு வந்தால், உள்ளே வெறும் செராமிக் கெபாசிட்டர் இருந்து வயரும் நீளமாக இருந்தால், செருகும்போது வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பக்கத்தில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் போட்டால் அடங்கும்.

ஓம்விதி:
அவர் கேட்டது இதுவா? சாலிடர்புகை, அந்தப் பின்னை மீட்டரில் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

சாலிடர்புகை:
பார்த்தேன். கிரவுண்டுக்கு 4 ஓம், 3.3 லைனுக்கு 6 ஓம், அதாவது உள்ளே கிட்டத்தட்ட ஷார்ட். பக்கத்துப் பின்களெல்லாம் ஒழுங்காக டயோடு போலவே காட்டுகின்றன. புது ஐசி வந்துவிட்டது. இன்னும் கவரைப் பிரிக்கவில்லை.