ஞாயிறு ஆட்டம்: அடுத்த பெட்டி எது?

குழு: அல்சூர் ஞாயிறு ஆட்டம்

புதன்கிழமை

சுதா (இரவு 8:40): பாட்டி கொடுத்த தீபாவளிப் பணத்தில் எந்தப் பெட்டி வாங்குவது என்று இன்றே பேசி முடிவெடுத்துவிடலாம். நாம் துப்பறிவாளர்களாகச் சேர்ந்து ஆடும் ஆர்க்கம் ஹாரர் சீட்டாட்டத்தின் அடிப்படைப் பெட்டியில் இருக்கும் மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை ஆடிவிட்டோம். சீட்டுகளை மேம்படுத்தப் புள்ளிகள் சேர்ந்து, அவரவர் சீட்டுக்கட்டு நன்றாக அமையும் நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது.

நந்தினி (8:42): நள்ளிரவுக்குள் தேடிப் பிடிக்க வேண்டிய அந்த ஆறு பேரும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டார்கள் அக்கா. அன்டார்டிகா கதை வாங்கலாமா? ஒவ்வொரு சோதனைக்கும் பையிலிருந்து எடுக்கும் டோக்கன்களில் பனி டோக்கன் எல்லாம் இருக்கிறதாம்.

கார்த்திக் (8:45): டன்விச், கார்கோசா கதைகள் இரண்டையும் வாங்கிவிடலாம். இரண்டுக்கும் கதைப் பெட்டியும் வேண்டும், ஆள் பெட்டியும் வேண்டும். பற்றாக்குறைக்கு நான் பணம் போடுகிறேன்.

ராஜு மாமா (8:51): கதைப் பெட்டி, ஆள் பெட்டி என்றால் என்ன வித்தியாசம்? கதையைப் படித்துக் காட்டுபவனுக்கும் கொஞ்சம் விளங்கட்டும்.

சுதா (8:58): மாமா, முன்பு இந்த ஆட்டத்தின் விரிவாக்கங்கள் துண்டு துண்டாக வந்தன. முதலில் ஒரு பெரிய பெட்டி, அதன் பிறகு ஆறு சிறு பொதிகள். ஒவ்வொரு பொதியிலும் கொஞ்சம் கதை, கொஞ்சம் ஆட்டக்காரர் சீட்டு. ஒன்று கடையில் கிடைக்காமல் போனாலும் கதை நடுவில் அறுந்துவிடும். 2021-இல் அன்டார்டிகா கதை வந்தபோது முறையை மாற்றினார்கள். கதை முழுவதும் ஒரு பெட்டியில், துப்பறிவாளர்களும் அவர்களுக்கான சீட்டுகளும் மற்றொரு பெட்டியில். பழைய கதைகளையும் பிறகு அதே மாதிரி இரண்டு பெட்டிகளாக வெளியிட்டார்கள். நமக்குத் தீர்ந்துபோனது கதை. அதனால் கதைப் பெட்டி ஒன்று வாங்கினால் போதும் என்பது என் எண்ணம்.

கார்த்திக் (9:01): அந்தச் சிறு பொதி விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் டன்விச் வரிசையின் ஐந்தாவது பொதியை மட்டும் வாங்கி வந்தேன். பிரித்து மேசையில் பரப்பிய பிறகுதான் தெரிந்தது, முதல் பெரிய பெட்டியில் உள்ள சீட்டுகள் இல்லாமல் அந்த அத்தியாயத்தை ஆடவே முடியாது என்று. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

சுதா (9:03): அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. பிறகு சொல்கிறேன்.

ராஜு மாமா (9:10): காட்டுக்குள் போகும் கதை ஒன்று இருப்பதாக நந்தினி சொன்னாளே. அதைப் படித்துக் காட்ட எனக்கு ஆசை.

நந்தினி (9:12): தி ஃபர்காட்டன் ஏஜ் அப்பா. மெக்சிகோ காடு. கிளம்புவதற்கு முன்பே தீப்பந்தம், தண்ணீர்க் குடுவை, மருந்து என்று என்ன எடுத்துப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் எடுக்க முடியாது. மறந்ததற்கு வழியில் அனுபவிக்க வேண்டியதுதான். அங்கே பாம்புகளைக் கொன்றால் பழிக் கணக்கு ஏறும். பாம்புத் தெய்வம் அந்தக் கணக்கைக் கடைசி வரை மறக்காது.

அம்மா (9:20): எங்கள் ஆம்பூர் வீட்டில் பாம்பை அடிக்கவே விடமாட்டார்கள். புற்றுக்குப் பால் வைத்துவிட்டு வருவோம். அந்தக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது.

சுதா (9:31): எனக்கும் பிடிக்கும் அம்மா, ஒருநாள் கட்டாயம் ஆடுவோம். ஆனால் இப்போது வேண்டாம். அது மிகவும் கடினமான கதை. விஷம் ஏறிக்கொண்டே போகும், காட்டுக்குள் வழி தேடித் தேடியே நேரம் தீரும். நம்மிடம் இருக்கும் சீட்டுகளை வைத்துக்கொண்டு இறங்கினால் அடி வாங்குவோம். அன்டார்டிகாவும் அப்படித்தான், நந்தினி. பனி டோக்கன் ஒன்று கைக்கு வந்தால் சோதனையில் நம் மதிப்பு ஒன்று குறைந்து, இன்னொரு டோக்கன் எடுக்க வேண்டும். அதே சோதனையில் இரண்டாவது பனி வந்தால் உடனே தோல்வி. கையில் நிறைய சீட்டு வைத்திருப்பவர்கள்தான் அதைத் தாங்குவார்கள்.

கார்த்திக் (9:34): அப்படியென்றால் கார்கோசா. எட்டு அத்தியாயங்கள். நாடக அரங்கில் தொடங்குகிறது. கண்டது உண்மையா பிரமையா என்று நாம் தீர்மானிப்பதற்கு ஏற்பக் கதை மாறும். சில சீட்டுகள் நம் கையிலேயே ரகசியமாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை மற்றவர்களிடம் காட்டக் கூடாது. இந்த ஆட்டத்தில் கதைக்கென்று பார்த்தால் இதற்கு மிஞ்சி எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சுதா (9:47): கதையில் அது உயர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஓர் அத்தியாயம் முழுக்க மனநலக் காப்பகத்துக்குள் நடக்கிறது. சித்தி மருத்துவமனையில் இருந்த மாதங்களை அம்மா எப்படிக் கடந்தாள் என்று உனக்கும் தெரியும். நந்தினிக்கும் இப்போதுதான் பதினான்கு முடிந்திருக்கிறது. பெட்டியிலேயே 14 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறார்கள். பேய், பூதம் எதற்கும் இந்த வீட்டில் யாரும் பயப்படவில்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் அம்மாவின் மேசையில் இப்போது விரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திக் (9:52): நான் அதை யோசிக்கவில்லை அக்கா. நீ சொல்வது சரி.

அம்மா (9:55): எனக்காக எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த ஆண்டு வேண்டாம் என்றால் நல்லதுதான்.

சுதா (10:06): எனவே டன்விச். கார்த்திக், கதை எளிமையாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதே. அதிலும் எட்டு அத்தியாயங்கள். ஆரம்பத்திலேயே காணாமல்போன இரண்டு பேராசிரியர்களில் யாரை முதலில் தேடுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் பல்கலைக்கழகத்தில், ஒருவர் சூதாட்ட விடுதியில். எங்கே தாமதமாகப் போகிறோமோ அதற்கேற்ப நடப்பதும் மாறும். ரயில் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. நின்றுபோன ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வானத்தில் திறந்த வாசலுக்குள் இழுக்கப்பட்டுக்கொண்டே போகும். நாம் பெட்டி பெட்டியாக முன்னேறி எஞ்சினை அடைய வேண்டும். மாமா, அந்த இடத்தை நீங்கள் படிப்பதைக் கேட்பதற்காகவே நான் இதை வாங்குவேன்.

ராஜு மாமா (10:09): ரயில் என்றால் சரி. வாங்கு சுதா.

சுதா (10:18): ஆள் பெட்டிக்குப் பதில் என்ன செய்யலாம் என்றும் யோசித்துவிட்டேன். 2020-இல் தனித்தனியாக ஐந்து துப்பறிவாளர்களுக்குத் தொடக்கக் கட்டுகள் வந்தன. பிரித்தவுடன் ஆடலாம். பிறகு மேம்படுத்த வேண்டிய சீட்டுகளும் அதிலேயே இருக்கின்றன. அம்மாவுக்குக் கட்டு அமைக்கும் வேலை பிடிக்காது, ஒவ்வொரு முறையும் நான்தான் அமைத்துக் கொடுக்கிறேன். அவளுக்கு ஒன்று, நந்தினிக்கு ஒன்று வாங்கிவிட்டால், அடிப்படைப் பெட்டியின் சீட்டுகள் முழுவதும் எனக்கும் கார்த்திக்குக்கும் மிஞ்சும். எங்கள் துப்பறிவாளர்கள் டெய்சியும் ஆக்னஸும் அதிலேயே நன்றாகத் தேறிவிடுவார்கள். நான்கு பேருக்கும் மேசை நிறையும்.

நந்தினி (10:20): எனக்குக் குத்துச்சண்டைக்காரர் நத்தானியல்! அந்த ஐந்து பேரில் ஹார்வி பேராசிரியரை நீ எடுத்துக்கொள்ளக் கூடாதா அக்கா?

சுதா (10:24): ஆசைதான். ஆனால் டன்விச்சில் ஒரு சீட்டு வந்து நம்மேல் ஒட்டிக்கொள்ளும். நம் கட்டு தீர்ந்த நொடியில் பத்துக் காயம், ஆளே அவ்வளவுதான். ஹார்வி சீட்டை அள்ளி அள்ளி எடுப்பவர். அந்தக் கதைக்கு அவர் வேண்டாம்.

அம்மா (10:26): எனக்கு யார்?

சுதா (10:35): ஸ்டெல்லா கிளார்க் அம்மா. கடிதம் கொடுக்கும் தபால்காரி. சோதனையில் தோற்றால் சுற்றுக்கு ஒருமுறை இன்னொரு செயல் செய்ய அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கும். டோக்கன் எடுக்கும்போது உன் கை நடுங்கத் தேவையே இல்லை. அவளுக்கென்றே உள்ள சீட்டின் பெயர், மழையும் இல்லை பனியும் இல்லை என்கிற மாதிரி. எது வந்தாலும் தபால் போய்ச் சேரும் என்று பொருள்.

அம்மா (10:49): அப்பா ஆம்பூரில் அடைமழையில் தபால் பையை வயிற்றோடு அணைத்து, மேலே தன் சட்டையைப் போர்த்திக்கொண்டு வருவார். ஆள் முழுக்க நனைந்திருப்பார், பை நனைந்திருக்காது. பை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் துண்டு கேட்பார். அந்தப் பெண்ணை எனக்கே கொடுங்கள்.

கார்த்திக் (10:53): தாத்தாவைப் பற்றி இது எனக்குத் தெரியாது அம்மா.

ராஜு மாமா (10:55): அந்தச் சட்டையைப் பிழிந்து காயப்போடுவது என் வேலை. அக்கா, நீ இன்னும் மறக்கவில்லை.

வியாழக்கிழமை

கார்த்திக் (காலை 7:15): டன்விச் கதைப் பெட்டி ஒன்று, ஸ்டெல்லா, நத்தானியல் கட்டுகள். ஆர்டர் செய்துவிட்டேன். பாட்டியின் பணமே போதுமானதாக இருந்தது. சீட்டுகளுக்கு உறையும் வாங்கட்டுமா? மழைக்காலத்தில் சீட்டு வளைகிறது.

சுதா (7:22): கையில் பிடித்துக் கலைக்கும் சீட்டுகளுக்கு மட்டும் வாங்கு. 63.5-க்கு 88 மில்லிமீட்டர் அளவு பார்த்து எடு. 'ரிட்டர்ன் டு' என்று தொடங்கும் பெட்டி எதையும் தொடாதே. ஒரு கதையை முழுதாக ஆடியவர்கள் மறுபடி ஆடும்போது மாற்றிப் போடுவதற்கான சீட்டுகள்தான் அதில் முக்கியமாக இருக்கின்றன. உன் ஐந்தாவது பொதியைக் கொண்டு வா. கதைச் சீட்டுகள் இனி புதிய பெட்டியில் முழுதாக வந்துவிடும். ஆனால் அந்தப் பொதியில் ஆட்டக்காரர் சீட்டுகளும் உண்டு, அவை நம்மிடம் இல்லாதவை. உன் ஆக்னஸுக்கு ஏதாவது சேருகிறதா பார்க்கலாம்.

கார்த்திக் (7:24): அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்!

நந்தினி (7:40): பெட்டி வரும் வரை இந்த ஞாயிறு பழைய கதையின் கடைசி அத்தியாயத்தை ஜெயித்துவிடலாமா? இரண்டு முறையும் தோற்றிருக்கிறோம்.

ராஜு மாமா (7:44): சம்பிகே ரோட்டில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஐந்து மணிக்கெல்லாம் அல்சூர் ஸ்டேஷனில் இருப்போம்.

அம்மா (8:05): டோக்கன் போடும் சுருக்குப்பையின் கயிறு அறுந்திருந்தது. பழைய பட்டுப் புடவையின் கரையைக் கிழித்துப் புதுக் கயிறு திரித்துப் போட்டிருக்கிறேன். வரும்போது யாராவது ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் வாங்கி வாருங்கள்.