எல்இடி வெளிச்சத்தில் அரக்குப் பட்டு ஏன் மங்குகிறது?

பட்டுக்கடை மகள், ஜார்ஜ்டவுன்:
வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் அப்பா நடத்தும் புடவைக்கடையில் சென்ற மாதம் ஹாலஜன் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி பொருத்தினோம். மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் பளிச்சென்றிருக்க, அரக்கும் குங்குமச் சிவப்பும் மட்டும் பழுப்பேறியதுபோல் தெரிகின்றன; வாடிக்கையாளர்கள் புடவையை ஐந்தடி நடைபாதைக்கு எடுத்துச்சென்று பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். பெட்டியில் ஒளியின் சாயலைக் குறிக்கும் அளவு 3000 கெல்வின் என்றும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறங்காட்டும் குறியீடு 80 என்றும் அச்சிட்டிருக்கிறது. ஹாலஜனும் ஏறத்தாழ அதே கெல்வின்தானே? பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பாயான் லெப்பாஸ்காரர்:
வணக்கம் சகோதரி. எல்இடி பொதியும் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எல்இடி சில்லு உமிழ்வது 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி மட்டுமே. அதன்மேல் சிலிக்கோனில் குழைத்து ஊற்றப்படும் பாஸ்பர் தூள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ, எஞ்சிய நீலமும் அம்மஞ்சளும் கலந்தே கண்ணுக்கு வெண்மையாகின்றன. 1996இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வெள்ளை எல்இடியும் இந்த வழியில் அமைந்ததே. தூளின் பெயர் சீரியம் சிறிதளவு கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட். நாங்கள் 'யாக்' என்போம். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அசையாத அருமையான பொருள். ஆனால் அதன் உமிழ்வு 550 நானோமீட்டர் அருகே உச்சம் கண்டு, 600ஐத் தாண்டிய சிவப்புப் பகுதியில் மெலிந்துவிடுகிறது. அரக்குப் பட்டு பெரும்பாலும் 600க்கு மேற்பட்ட ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். விளக்கில் இல்லாத சிவப்பை அது எங்கிருந்து தரும்?

3000 கெல்வினை எட்டுவதற்கே சிறிது சிவப்புத் தூள் சேர்த்தாக வேண்டும் என்பது உண்மை. ஆயினும் ஆழ்ந்த சிவப்பைக் கண் மங்கலாகவே உணர்வதால், அதைக் கூட்டினால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்ச அளவான லூமென் குறையும். லூமென் கணக்கைக் காட்டி விற்கும் விளக்குகளில் அந்தத் தூளின் உமிழ்வு ஆரஞ்சை ஒட்டியே நிறுத்தப்படுகிறது.

ஒளியியல் ஆசிரியர், கோலாலம்பூர்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பெட்டியிலுள்ள 80 என்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கென்று 'ஆர்9' என்ற தனி மதிப்பு உண்டு, 80 காட்டும் விளக்கிலும் அது பூச்சியத்தை ஒட்டி இருக்கலாம். ஆகவே குறியீடு 90க்கு மேலும் ஆர்9 50க்கு மேலும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பை உமிழும், யூரோப்பியம் கலந்த நைட்ரைடு தூளோ, 631 நானோமீட்டரில் குறுகலாக ஒளிரும் மாங்கனீசு கலந்த ஃபுளோரைடு தூளோ அவற்றில் இருக்கும்.

பட்டுக்கடை மகள்:
இருவருக்கும் நன்றி. விலை கூடினாலும் கடை முழுவதும் மாற்ற வேண்டுமா?

பாயான் லெப்பாஸ்காரர்:
வேண்டாம். பட்டை விரித்துக் காட்டும் மேசைக்கு மேலும் நிலைக்கண்ணாடி அருகிலும் மாற்றினால் போதும்.