கரண்ட் போனாலும் கணக்கு போகாமல் இருக்க: மலைவீட்டு ரௌட்டர் அனுபவங்கள்

கோத்தகிரி, அரவேணு பக்கத்திலிருந்து:

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து மின்கம்பியில் விழுவதும், கரண்ட் போவதும், அதைத் தொடர்ந்து இணையம் நிற்பதும் வழக்கம். வீட்டில் இருவர் கோயம்புத்தூர் நிறுவனங்களுக்கு இங்கிருந்தே வேலை செய்கிறார்கள். ஆகவே இணைப்பு எப்போது, எதனால் போனது என்பதைச் சேவை நிறுவனத்திடம் தேதி, நேரத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ரௌட்டரின் லாக் (நிகழ்வுப் பதிவு) பக்கத்தைத் திறந்தால், நமக்கு வேண்டிய நேரத்துப் பதிவு மட்டும் அங்கே இருக்காது. ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருள் போட்ட ரௌட்டர் தன் லாகை ராம் நினைவகத்தில் ஒரு சிறிய இடத்தில்தான் எழுதுகிறது. அது நிறைந்தால் பழைய வரிகள் அழியும், ரௌட்டர் அணைந்தால் மொத்தமும் அழியும். கருவிவாரியாகப் பயன்பாட்டைக் கணக்கிடும் என்எல்பிடபிள்யூமான் என்ற நிரல் தன் தரவுத்தளத்தை வைக்கும் 'வார்' என்ற கோப்புறையும் ராமில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. புகார் எண்ணுக்கு அழைத்தால் முதலில் சொல்வதே 'ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்' என்பதுதான். அதைச் செய்ததும் கையிலிருந்த ஆதாரம் போய்விடும்.

ஆகவே லாக் ரௌட்டரில் தங்கவே கூடாது, எழுதப்படும் அந்த நொடியிலேயே வேறோர் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தோம். கீபோர்டு பழுதாகி ஓரமாகக் கிடந்த பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் நிறுவி, லாக் செய்திகளைப் பெற்றுச் சேமிக்கும் ஆர்சிஸ்லாக் என்ற நிரல், நெட்வொர்க் வழியாக வரும் செய்திகளை 514ஆம் போர்ட்டில் (யுடிபி முறையில்) ஏற்கும்படி அமைத்தோம். ரௌட்டரின் சிஸ்டம் பக்கத்தில் லாக்கிங் என்ற பிரிவில், வெளி லாக் சர்வருக்கான கட்டத்தில் மடிக்கணினியின் நிலையான ஐபி முகவரியைக் கொடுத்தால் போதும்.

இந்த வேலைக்கு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையைவிடப் பழைய மடிக்கணினியே மேல் என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அணைந்திருக்கும்போதும் ஓடும் கடிகாரம் இருக்கிறது. பெரும்பாலான வீட்டு ரௌட்டர்களிலும் ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளிலும் அப்படிப்பட்ட கடிகாரம் கிடையாது. இணையம் வந்து என்டிபி (இணையவழி நேரச் சீரமைப்பு) வழியாக நேரம் சரியாகும்வரை அவை ஏதோ ஒரு பழைய நேரத்தையே எழுதிக்கொண்டிருக்கும். இணையம் இல்லாத நேரத்தை நிரூபிக்க வேண்டிய பதிவில் அந்த நேரமே தவறாக இருந்தால் என்ன பயன்? அதனால் ரௌட்டர் குறித்து அனுப்பும் நேரத்தை விட்டுவிட்டு, மடிக்கணினி அந்தச் செய்தியைப் பெற்ற நேரத்தை எழுதும்படி ஆர்சிஸ்லாக் அமைப்பை மாற்றினோம். டெபியனில் பழைய லாக் கோப்புகளை நீக்கும் லாக்ரொட்டேட் இயல்பாக நான்கு வாரப் பதிவுகளையே வைத்திருக்கும் என்பதால் அதையும் ஓராண்டுக்கு நீட்டினோம்.

எல்லாவற்றையும்விட உதவியது ஒரு சிறிய ஏற்பாடு. ரௌட்டரும், ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க, மடிக்கணினியின் சார்ஜரை மட்டும் இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில் சொருகினோம். நிமிடத்துக்கு ஒருமுறை சார்ஜருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்து, மாற்றம் இருந்தால் அதே கோப்பில் ஒரு வரி எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) போட்டோம். இதனால் மின்வெட்டும் இணைப்புத் துண்டிப்பும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வந்தன. ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று மட்டுமே பொருள். வழியில் கேபிள் அறுந்ததா, மறுமுனையில் உள்ள, நிறுவனத்தின் ஓஎல்டி கருவி கரண்ட் இல்லாமல் அணைந்ததா என்பது அந்த விளக்கைப் பார்த்துத் தெரியாது. எங்கள் கோப்பைப் பார்த்தால் தெரிந்தது. கரண்ட் போய் அரை மணி நேரம் போல இணைப்பு நன்றாகவே ஓடும். பிறகு, நிறுவனத்தோடு நம்மை இணைக்கும் பிபிபிஓஈ முறையில், இணைப்பைச் சோதிக்கும் எக்கோ கோரிக்கைகளுக்குப் பதில் இல்லை என்ற வரி விழும். கரண்ட் திரும்பியதும், யாரும் வந்து எதையும் ஒட்டாமலேயே, இணைப்பு வந்துவிடும். அறுந்த ஃபைபர் அப்படித் தானாகச் சேராது. மறுமுனையில் பேட்டரி தாங்கவில்லை என்பது தெளிவாயிற்று. அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்த பிறகு, 'உங்கள் ரௌட்டரில்தான் கோளாறு' என்ற பேச்சு நின்றது, பேட்டரியும் மாற்றப்பட்டது.

பயன்பாட்டுக் கணக்கின் தரவுத்தளத்தை ரௌட்டரில் சொருகிய பென்டிரைவுக்கு மாற்றினோம். ரௌட்டரின் சொந்த ஃபிளாஷில் ஓயாமல் எழுதினால் அதன் ஆயுள் குறையும். இயல்பாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் சேமிப்பை ஒரு மணி நேரமாக்கினோம். மாத டேட்டா ஒதுக்கீடு மாதம் முடியும் முன்பே தீர்ந்துவிடுவதன் காரணம் அதில் தெரிந்தது. தேயிலைக்குள்ளிருந்து கரடி வருகிறதா என்று பார்க்க முற்றத்தில் வைத்த கேமரா, பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்றம் பல மடங்கு அதிகமுள்ள ஒரே கருவியாகப் பட்டியலின் மேலே நின்றது. அசைவு இருந்தால் மட்டும் அனுப்ப வேண்டிய அது, இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் மூடுபனி நகர்வதையும் அசைவாக எடுத்துக்கொண்டு விடிய விடிய அனுப்பியிருக்கிறது. நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஓயாமல் போனால் நாளுக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 324 ஜிபி ஆகிறது. இப்போது காட்சிகள் கேமராவின் மெமரி கார்டிலேயே பதிவாகின்றன.

குன்னூரிலிருந்து:

நாங்கள் சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கோத்தகிரி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதற்கொண்டு கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு போலி மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) காட்டுகின்றன, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தால் ஒரே கைப்பேசி பட்டியலில் இரண்டாக நிற்கும். வீட்டுக் கைப்பேசிகளில் நம் வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்தலாம். விருந்தினரிடம் அப்படிக் கேட்பது முறையல்ல. அவர்களுக்குத் தனி நெட்வொர்க் ஒதுக்கி, விஎன்ஸ்டாட் என்ற நிரல் மூலம் அந்த நெட்வொர்க்கின் மொத்தப் பயன்பாட்டை மட்டும் பார்க்கிறோம். யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற டிஎன்எஸ் பதிவை நான் எடுப்பதே இல்லை. தங்க வந்தவரின் அந்தரங்கத்தைச் சேர்த்துவைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

விஎன்ஸ்டாட் இயல்பாக 1,024ஐ அடிப்படையாகக் கொண்டு காட்டுவதால், நிறுவனத்தின் 1,000 ஜிபி அதில் சுமார் 931 என்று தெரியும். வேறுபாட்டைப் பார்த்ததும் சண்டைக்குப் போக வேண்டாம். ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை (தரவை வன்பொருளே நேரடியாகக் கடத்தும் வசதியை) இயக்கியிருந்தால் மட்டும் கணக்கு உண்மையாகவே குறையும், ஏனெனில் தரவு கணக்கெடுக்கும் பகுதியைத் தொடாமலே கடந்துவிடுகிறது.

கொடைக்கானலிலிருந்து:

நிறுவனம் கொடுத்த ரௌட்டரில் எதையும் நிறுவ முடியாதவர்கள், அதன் பின்னால் சொந்த ரௌட்டர் ஒன்றை வைத்து, வீட்டுக் கருவிகள் அனைத்தையும் அதில் இணைத்தால் கணக்கும் லாகும் சரியாகவே கிடைக்கும். அமைப்புகளின் காப்புப்பிரதியையும் எடுத்துவையுங்கள். ஆனால் அந்தக் கோப்பில் வைஃபை கடவுச்சொல்லும் பிபிபிஓஈ கடவுச்சொல்லும் வெளிப்படையாகவே இருக்கும் என்பதால், அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். பயன்பாட்டுத் தரவுத்தளம் அந்தக் காப்புப்பிரதியில் தானாகச் சேராது. அதைத் தனியாகப் படியெடுக்க வேண்டும்.