சிக்னல் போட்டேனா இல்லையா?

கொட்டியாரத்தான்:

மூன்று மாதமாக மனதுக்குள் கிடந்து அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். என்னுடையது பழைய கரோலா. திருகோணமலைப் பக்கம், கிண்ணியாப் பாலம் இறங்கிக் கொஞ்சத் தூரத்தில் வலப்பக்க ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும். பகல் 11 மணி, சுள்ளென்ற வெயில். சிக்னல் போட்டேன், டிக் டிக் கேட்டது. எதிரே பஸ் வந்ததால் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றேன். பஸ் போனதும் திருப்பினேன். முந்த வந்த மோட்டார்சைக்கிள் ஒன்று என் கதவுக்கு ஒரு சாண் தள்ளிச் சரிந்து நின்றது. பின்னால் மீன் பெட்டி. ஐஸ் தண்ணீர் என் கண்ணாடி வரை தெறித்தது.

"சிக்னல் போடாமத் திருப்புறீங்களே தம்பி" என்றார், ஐம்பது வயது மதிக்கலாம். நானும் விடவில்லை. "கண் தெரியாட்டி லைசன்ஸ் எதுக்கு நானா?" என்று கேட்டுவிட்டேன் (நானா என்றால் முஸ்லிம் அண்ணன்). பேச்சு வளர்ந்தது. சிக்னலைப் போட்டபடி விட்டுவிட்டு இறங்கி, அவரைக் காரின் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினேன். பளிச் பளிச்சென்று எரிகிறது. கடை வாசலில் நின்றவர்களும் "எரியுதுதானே" என்றார்கள். அவர் அந்த லைட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எரியல்ல" என்று மட்டும் சொன்னார். பெட்டியை நேராக்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு பின்னேரம், பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்க மகனைக் காருக்குப் பின்னால் நிறுத்தினேன். சிக்னலும் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். "அப்பா, சிக்னல் நிண்டுட்டுது" என்றான். காலை எடுத்தேன், எரிகிறதாம். மிதித்தால் இல்லையாம். பின் லாம்பிலிருந்து கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயரைக் காரின் பொடித் (உடல்) தகரத்தில் பூட்டியிருந்த ஸ்குரூ துருவேறிப் பொருபொருத்துக் கிடந்தது. சிக்னலின் 21 வாட் மட்டும் என்றால் அது எப்படியோ தாங்குகிறது. பிரேக் லைட்டின் 21 வாட்டும் அதே வழியால் இறங்கப் பார்த்தால் இரண்டும் செத்துப்போகின்றன. அந்த வெயிலில் மங்கலாக எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன. முன் லைட் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே டிக் டிக்கும் கேட்டது. அதன் வேகம் மாறியதா என்று நான் கவனிக்கவில்லை.

கத்தியால் சுரண்டிப் புது ஸ்குரூ போட்டேன், சரியாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் இறங்கி அல்லவா காட்டினேன். பிரேக்கில் யாருடைய கால் இருந்தது?

டொல்பின் ஓட்டி:

உங்களுக்காவது பகல். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு ஹயர், இரவு 2 மணியிருக்கும், அக்போபுர தாண்டிவிட்டேன். கந்தளாய் - ஹபரணை ரோட்டைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முதலில் இறால் ஓடு கருகிய மாதிரி ஒரு மணம். அப்புறம் ஹெட்லைட் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விட்டது. டிம்மும் இல்லை, ஹையும் இல்லை. என் டொல்பின் வானை ஓரங்கட்டி, எல்லாச் சிக்னலும் ஒன்றாக அடிக்கும் ஹசார்ட்டைப் போட்டேன். அதற்குத் தனி பியூஸ், அதனால் அது வேலை செய்தது.

மஞ்சள் வெளிச்சம் அடிக்க ஒரு மரம் தெரிகிறது. அணைந்தது. மறுபடி அடிக்க அந்த மரத்துக்குக் காது இருக்கிறது. அணைந்தது. மறுபடி அடிக்க அது கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறது. பின்சீட்டில் இருந்த அம்மா கோணேசரைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். ஹசார்ட்டை நிறுத்துவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் அது எங்கே நிற்கிறது என்று தெரியாது, விட்டால் அதற்கு எரிச்சல் வருமோ என்னவோ. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று கேட்காதீர்கள். எதிரே கல்ஓயாப் பக்கமிருந்து ஒரு லொறி வந்த பிறகுதான் அந்த யானை காட்டுக்குள் இறங்கியது.

காரணம் என் ஆசைதான். ஹைக்கு 60, டிம்முக்கு 55 வாட் எச்4 ஹெட்லைட் பல்ப் இருந்த இடத்தில் 100/90 போட்டிருந்தேன். டிம்மில் இரண்டுக்கும் 9 அம்பியர் போன வயரில் 15 போயிருக்கிறது. சுவிட்சுக்குப் பின்னாலிருந்த கனெக்டர் உருகிக் கட்டியாகிவிட்டது. பியூஸ் போகவே இல்லை, ஒரு பக்கத்துக்கு ஒரு பியூஸ் என்பதால் அதற்கு அது பாரமாகத் தெரியவில்லை. இப்போது பழைய பல்ப், பெரிய கரண்டைத் தன் வழியால் விடுகிற தனி ரிலே. சுவிட்சுக்குச் சுமையே இல்லை.

பாலையூற்றுப் பெடியன்:

கொட்டியாரத்தான் சொல்வதில் எனக்குச் சந்தேகம். எதற்கெடுத்தாலும் எர்த் என்று சொல்லிப் பழகிவிட்டோம். என் விட்ஸ் காரிலும் பிரேக் பிடித்தால் ஏதேதோ எரிந்தது. பார்த்தால் பின்னால் இருந்தது இரண்டு இழை பல்ப், பிரேக்குக்கு 21 வாட், பின் லைட்டுக்கு 5. அதன் முளை இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, கராஜில் யாரோ திருப்பி அமுக்கிச் செருகியிருக்கிறார்கள். என் கதை இவ்வளவுதான்.

ஆனால் பிழை தேடுகிறவர்கள் சில விஷயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு பக்கச் சிக்னல் மட்டும் வேகமாக அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது என்று அர்த்தம். பிளாஷர் (சிக்னலை விட்டு விட்டு அடிக்கவைப்பது) மாற்றக் காசு கொடுக்காதீர்கள், கரண்ட் குறைந்தால் அது அப்படித்தான் அடிக்கும். எல்இடி பல்ப் போட்டாலும் அதே கூத்து. அதற்கு 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் விற்கிறார்கள், பல்ப்புக்குச் சமாந்தரமாகப் போட வேண்டும். கொதிக்கும், பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடாதீர்கள், தகரத்தில் பூட்டுங்கள். ஒரு ஹெட்லைட் மட்டும் மங்கலாக இருந்தால் லைட் எரியும்போதே அளக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனை பெற்றரி நெகட்டிவில், மற்றது பல்ப்பின் எர்த் வயரில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பிழை. பல்ப்பைக் கழற்றிவிட்டு அளந்து 12 காட்டுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள், வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீற்றர் 12 காட்டும். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றவே கூடாது, எங்கோ வயர் தோல் உரிந்து பொடியில் படுகிறது. எச்4 பல்ப் கண்ணாடியைக் கையால் தொடக் கூடாது. எலி கடித்ததையும் பாருங்கள்.

டொல்பின் ஓட்டி:

தம்பி, எர்த் இல்லை என்று தொடங்கி எர்த் பார்க்கும் முறையைத்தானே இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கிறீர்கள்? இன்னொன்று, சில பழைய டொயோட்டாக்களில் ஹெட்லைட்டுக்குப் பொசிட்டிவ் நேரே வந்துவிடும், சுவிட்ச் இருப்பது எர்த் பக்கம். அங்கே உங்கள் அளவு சுவிட்சையும் சேர்த்துத்தான் காட்டும். கொட்டியாரத்தானுக்குப் பல்ப் பிழையும் இல்லை. எர்த்தைச் சுரண்டியதும் சரியாகிவிட்டதே.

உப்புவெளி ரீச்சர்:

சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு, வாங்கி வைத்த ஆணியே துருவேறிவிடும். ஒருநாள் இரண்டு பக்கச் சிக்னலும் இல்லை. ஹசார்ட் மட்டும் நன்றாக அடித்தது. கராஜில் சொன்னேன். பாஸ் (மெக்கானிக்) என்னைக் கேட்கவே இல்லை, பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்து, "வயரிங் முழுக்கப் பார்க்கோணும் சேர், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார். கார் ஓட்டவே தெரியாத மனுஷன், அவரும் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டுகிறார்! அந்தத் தலையாட்டல்தான் இன்னும் எரிச்சல்.

காரை விடவில்லை. ஹசார்ட் அடித்தால் பல்ப்பும் பிளாஷரும் சரி என்றுதானே அர்த்தம். பியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பல கார்களில் சிக்னலுக்கான கரண்ட் ஹசார்ட் சுவிட்சின் வழியாகத்தான் போகும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். அந்தச் சிவப்பு முக்கோணத்தை வருஷத்தில் எத்தனை தரம் அமத்துகிறோம்? கராஜ் வாசலிலேயே இருந்து இருபது தரம் அமத்தி எடுத்தேன். இடப்பக்கச் சிக்னல் அடித்தது. வலப்பக்கமும் அடித்தது. பாஸ் வந்து, "இப்ப எரிஞ்சாலும் பிறகு போகும் மிஸ்" என்றார். முதல் தரம் என்னிடம் பேசினார். (போன மாதம் திரும்பவும் போனது உண்மைதான். சுவிட்சையே மாற்றிவிட்டேன்.)

கொட்டியாரத்தான்:

எர்த்தா பல்ப்பா என்று நீங்கள் இருவரும் முடிவெடுங்கள். நான் எழுத வந்தது வேறு. அந்த மீன்கார நானாவைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு வெள்ளிக்கிழமை அதே ஒழுங்கையடியில் 11 மணிக்குப் போய் நின்று பார்த்தேன், ஆளைக் காணவில்லை.

உப்புவெளி ரீச்சர்:

வெள்ளிக்கிழமை, அதுவும் ஜும்ஆத் தொழுகைக்கு ஆயத்தமாகிற நேரத்தில் கிண்ணியாவில் மீன்காரரைத் தேடினால் எப்படி? சனிக்கிழமை போய்ப் பாருங்கள்.