மாடித் தொட்டியும் தொய்ந்த சேனலும்: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 1000 லிட்டர் தொட்டியைத் தாங்க, 2 மீட்டர் நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல், இரண்டு 100×50 மி.மீ. சேனல் ('ப' வடிவ இரும்பு) போட்டோம், தண்ணீர் நிரம்பினால் நடுவில் ஒரு சென்டிமீட்டர் தொய்கிறது, பெரிய சேனல் வாங்கணுமா என்று. வாங்கவில்லை. அதே சேனலை, 100 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கும்படி நிமிர்த்தி வைத்தோம், சரியாகிவிட்டது.

"படுக்கப் போட்டீங்களா, நிறுத்தினீங்களா?" என்று ஒருவர் கேட்டாரே, அதுதான் விஷயம். தொட்டி வசதியாக உட்காரும் என்று பட்டறைக்காரர் சேனலைப் படுக்க வைத்தே பற்றவைத்திருந்தார். ஐஎஸ்எம்சி 100 என்ற இந்தச் சேனலின் வெட்டுமுகக் கெழு (வளைவைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) நின்றால் சுமார் 37 கன செ.மீ., படுத்தால் வெறும் 7.5. அதே இரும்பு, ஐந்தில் ஒரு பங்கு பலம்! ஒரு சேனலுக்கு அரை டன் என்று கணக்குப் போட்டால் படுத்த நிலையில் தொய்வு 10 மி.மீ., நின்றால் 1.4. படுத்திருந்தபோது தகைவும் (இரும்புக்குள் ஒரு பரப்பளவுக்கு ஏறும் விசை) சாதாரண இரும்புக்கு வழக்கமாக விடும் 165 மெகாபாஸ்கல் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதன் கீழேதான் துணி காயப்போட்டோம்.

தொய்வைப் பார்க்க முனைக்கு முனை இழுத்துக் கட்டிய நூலுக்கும் இரும்புக்கும் நடுவே முன்பு சுண்டுவிரல் நுழைந்தது. இப்போது ஒரு ரூபாய் நாணயமே சிரமப்பட்டுத்தான் நுழைகிறது.

அப்புறம் இன்னொன்று. சேனலின் வெட்டு மையம் (சுமை அதன் வழியே போனால் முறுக்கு வராத புள்ளி) அதன் முதுகுக்கு வெளியே இருப்பதால், நேராகச் சுமை ஏற்றினாலும் லேசாக முறுக்கிக்கொள்ளும். அதனால் இரண்டின் திறந்த பக்கமும் எதிரெதிரே பார்க்க வைத்து, குறுக்கே மூன்று ஆங்கிள் கொடுத்துப் பிணைத்திருக்கிறோம்.