‘ஆன் போர்ட்’ என்றால் கப்பல் இல்லையாம். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

பனியன்காரன்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எத்தனையோ மெயில் பார்த்தாயிற்று, ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

மான்செஸ்டர் பையர், போலோ டி-ஷர்ட் ஆர்டர். அவர்கள் கேட்கிற பட்டனைப் போட்டால் பீஸுக்கு இரண்டு ரூபாய் கூடும், விலையை ஏற்றித் தாருங்கள் என்று எழுதியிருந்தேன். ராத்திரி பதில் வந்தது: ‘வீ ஹேவ் டேக்கன் யுவர் பாயின்ட் அபவுட் தி பட்டன்ஸ் ஆன் போர்ட்.’

எங்கள் தொழிலில் ஆன் போர்ட் என்றால் ஒரே அர்த்தம்தான். சரக்கு கப்பல் ஏறினால், கப்பல் கம்பெனி தருகிற சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் ‘ஷிப்டு ஆன் போர்ட்’ என்று தேதியோடு விழும். அது விழுந்தால்தான் பையருடைய பேங்க் உத்தரவாதம் தந்த எல்.சி. பணம் நகரும். விலை பேசும்போது சொல்கிற எஃப்.ஓ.பி.யில் (ஃப்ரீ ஆன் போர்ட்) வருகிற பி-யும் இதே போர்ட்தான். சரி, பட்டனை அவர்களே வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் போல என்று முடிவு கட்டிவிட்டேன். ராத்திரி பத்தரைக்கு, எங்கள் சரக்கைக் கப்பலுக்கு அனுப்பிவைக்கிற தூத்துக்குடி ஃபார்வர்டரைக் கூப்பிட்டு, “பட்டன் எந்தக் கப்பல்ல வருது?” என்றேன். தூக்கக் கலக்கத்தில் அவர், “எந்தப் பட்டன்ணே?” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இங்கே பட்டன் வாங்குவதை நிறுத்திவைத்து நாலு நாள் தையல் லைன் சும்மா கிடந்தது. அப்புறம் முதலாளி பையன்தான் சொன்னான்: “நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டோம்னு எழுதியிருக்காங்க, அவ்வளவுதாண்ணா.” கேட்டுக்கொண்டார்கள். இரண்டு ரூபாய் இன்றுவரை வரவில்லை.

ஸ்காபரோ வாசி

உங்களுக்குப் பட்டனோடு போனது, அண்ணா.

மகனுக்கு அப்போது ஆறு வயது, டொன்சில் ஒப்பரேஷன். அதற்கு மூன்று கிழமைக்கு முதல்தான் பக்கத்து வீட்டுக் கிழவரின் நாயை ‘புட் டு ஸ்லீப்’ செய்திருந்தார்கள். அம்மா அந்த நாய்க்கு ஒவ்வொரு நாளும் மிச்சச் சோறு வைப்பவர். கிழவர் வேலியடியில் நின்று சொன்னதை நான்தான் விளங்கப்படுத்தினேன்: “ஊசி போட்டுக் கொன்று போட்டினமாம் அம்மா.”

ஒப்பரேஷன் அன்று மயக்க மருந்து டொக்டர் சிரித்துக்கொண்டு வந்து, ‘வீ ஆர் கோயிங் டு புட் ஹிம் டு ஸ்லீப் நௌ’ என்றார். நான் குனிந்து படிவத்தில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அம்மா பிள்ளையின் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தாதி மெதுவாகத் தள்ளப் பார்க்கிறார், கட்டில் அசையவில்லை. எழுபத்தொரு வயது மனுசி. அழவில்லை, கதைக்கவில்லை, பிடியை மட்டும் விடவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம், வீட்டில் செத்துப்போன நாய் பூனை நினைவுக்கு வந்துவிடும் என்று. அம்மம்மாக்களை யார் கணக்கில் எடுத்தது?

இலக்கணப்புலி

இரண்டு பேரும் செய்த தவறு ஒன்றே. ‘டேக் ஆன் போர்ட்’, ‘புட் டு ஸ்லீப்’ என்ற தொடர்களில் மூன்று சொல்லையும் தனித்தனியாகப் பிரித்துப் பொருள் தேடினீர்கள்.

என் கதை சிறியது. கடலூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். ‘ஈஸ் இன் பொசஷன் ஆஃப் தி ஹவுஸ்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘இன் தி பொசஷன் ஆஃப்’ என்று அடித்துவிட்டேன். வக்கீல் கட்சிக்காரர் எதிரிலேயே, “ஏன்யா, தம்பி வீட்டைப் பிடிச்சிருக்கானா, வீடு தம்பியைப் பிடிச்சிருக்கா?” என்றார். ஒரு ‘தி’ சேர்ந்தால் அனுபவிப்பவன் அனுபவிக்கப்படுபவன் ஆகிவிடுகிறான்.

இப்போது வழி சொல்கிறேன், கேளுங்கள். முதலில், வினையைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். டேக், புட், கோ, கம் எல்லாம் அகராதியில் பக்கம் பக்கமாக ஓடும். பெயர்ச்சொல்லின் கீழ் பாருங்கள்: டேக் இன்டு அக்கவுன்ட் வேண்டுமென்றால் அக்கவுன்ட், கம் இன்டு ஃபோர்ஸ் என்றால் ஃபோர்ஸ். அடுத்து, ‘தி’ இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பாளர், ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பில் விடப்பட்டவர். ‘அவுட் ஆஃப் தி கொஸ்டின்’ என்றால் பேச்சுக்கே இடமில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்த ‘தி’ இல்லாமல் எழுதினால் சந்தேகமே இல்லை என்று நேர் எதிராகப் போகும்.

கடைசியாக, இது நமக்குப் புதிதும் அல்ல. ‘தலைக்கு ஏறிவிட்டது’ என்கிறோம், அவன் ‘வென்ட் டு ஹிஸ் ஹெட்’ என்கிறான். ‘மனதில் வை’, ‘வழிக்கு வா’, ‘அமலுக்கு வந்தது’ எல்லாம் அதே கட்டுமானம். நமக்குப் பெயர் முதலில், வேற்றுமை உருபு அதன் வாலில், வினை கடைசியில். அவனுக்கு அப்படியே தலைகீழ். தினம் ஐந்து எழுதிப் பாருங்கள். நாற்பது பக்க நோட்டு போதும்.

எடிசன் தமிழன்

புலி ஐயா, நோட்டில் எழுதி வைத்தவனும் மாட்டுவான். நான் மாட்டினேன்.

நியூஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொதுக்குழு. கூட்டத்தை ராபர்ட் விதிகள்படிதான் நடத்துவார்கள். 1876-இல் ஹென்றி ராபர்ட் என்ற ராணுவ எஞ்சினியர் எழுதிய விதிகள் அவை. அந்த வருடக் கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும் என்பது என் தீர்மானம். டெல்லியில் அமைச்சர்கள் அவையில் தாள்களை ‘லே ஆன் தி டேபிள்’ செய்வதைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவன் இல்லையா, கம்பீரமாக எழுந்து, ‘ஐ மூவ் டு லே இட் ஆன் தி டேபிள்’ என்றேன். பின் வரிசையில் ஒருவர் உடனே ‘செகண்ட்’ என்று வழிமொழிந்தார். அவர் ஏன் அவ்வளவு வேகம் காட்டினார் என்று அப்போது புரியவில்லை. பொருளாளரின் மைத்துனர்.

அமெரிக்காவில் அதற்குக் கிடப்பில் போடுவது என்று அர்த்தம். பதறிப்போய் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். தலைவர் கையை உயர்த்தி, “இதுக்கு விவாதம் கிடையாதுங்க” என்றார். அதுவும் விதிதான், அந்தத் தீர்மானத்தின் மேல் யாரும் பேசக் கூடாது, நேராக வாக்கெடுப்பு. என் கோரிக்கையை நானே புதைக்க, எல்லாரும் கை தூக்கினார்கள். பக்கத்தில் இருந்த என் மனைவியும்!

இரண்டாம் உலகப் போரில் இந்த ‘டேபிள்’ என்ற சொல்லை வைத்தே ஆங்கிலேய, அமெரிக்கத் தளபதிகள் நெடுநேரம் சண்டை போட்டதாகச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதானாம். அவர்களிடமும் நோட்டு இருந்திருக்கும், ஐயா.

அரைகுறை மொழிபெயர்ப்பாளி

கல்லூரி முடித்த புதிது. ஒரு பத்திரிகைக்கு ஆங்கிலக் கதையொன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ‘ஷி வென்ட் இன்டு லேபர் அட் மிட்நைட்.’ நான் எழுதியது: ‘நள்ளிரவில் அவள் கூலி வேலைக்குப் போனாள்.’

ஒன்பதாம் மாதம், வெளியே பனி, கணவன் வேறு கதவைத் திறந்துவிடுகிறான். பிரசவ வலி என்று எனக்கு உறைக்கவில்லை, ஆசிரியருக்கும் உறைக்கவில்லை, அச்சாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு வாசகர் கடிதம்: ‘நிறைமாதக் கர்ப்பிணியை இரவில் வேலைக்கு அனுப்பும் கொடுமையை ஆசிரியர் உருக்கமாகச் சித்திரித்துள்ளார்.’ அதை வெட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் காட்டியதில்லை.

இலக்கணப்புலி

எடிசன் அன்பரே, சர்ச்சில் நோட்டு வைத்திருந்தாரா என்பதல்ல கேள்வி. எந்த நாட்டு வழக்கு என்பதையும் நோட்டில் குறிக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். நாற்பது பக்கம் போதாதென்றால் எண்பது வாங்குங்கள்.

சும்மா வந்தவன்

‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? லண்டன் கிளையண்ட்டிடம், ‘ஐ ஆம் கோயிங் அவுட் ஆஃப் ஸ்டேஷன் டுமாரோ’ என்றேன். நான் போனது கும்பகோணத்துக்கு, அத்தை பெண் கல்யாணம். அவர் ரொம்ப மரியாதையாக, “எந்த ஸ்டேஷனிலிருந்து வெளியே?” என்று கேட்டார். கம்பெனி காலத்தில் அதிகாரி பணியில் இருக்கிற ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர். வெள்ளைக்காரன் விட்டுப்போனது நம்மிடம் இருக்கிறது, அவனுக்கு மறந்துவிட்டது. இதில் என் தப்பு என்ன என்று இன்னும் புரியவில்லை.

பனியன்காரன்

ஸ்காபரோ தம்பி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

புலி ஐயா, நோட்டு வாங்கிவிட்டேன், எண்பது பக்கம்தான். அதற்குள் இன்று காலை அதே பையரிடமிருந்து மெயில்: ‘வீ வில் கீப் யூ இன் தி லூப்.’ எனக்கு இது தெரியும், தகவல் சொல்லிக்கொண்டே இருப்போம் என்று அர்த்தம். ஆனால் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புதிதாகச் சேர்ந்த பொண்ணு மெயிலைப் படித்துவிட்டு நிட்டிங்குக்குப் போன் போட்டிருக்கிறாள்: “அண்ணா, பையர் லூப் நிட் துணிக்கு மாத்தச் சொல்லிட்டாங்க, சிங்கிள் ஜெர்சியை நிறுத்துங்க.”