காக்ளியர் இம்ப்ளாண்டுக்குப் பிறகு, மிச்சமிருக்கும் கேள்திறன் நிலைக்குமா?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 54. வலது காதில் 500 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்கின்றன. அதற்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. காது மெஷின் அணிந்தால் கணவர் பேசுகிறார் என்பது தெரிகிறது, என்ன பேசுகிறார் என்பது விளங்குவதில்லை. காக்ளியர் இம்ப்ளாண்ட் (கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும், உள்காதில் பொருத்தும் கருவி) பொருத்தலாம் என்று கூறும் மருத்துவர், இருக்கிற கேள்திறனும் போகக்கூடும் என்று எச்சரிக்கிறார். மெஷினைக் கழற்றிவிட்டுப் படுத்த பிறகும் இடி உறுமுவது எனக்குக் கேட்கும். அதை இழக்க மனம் வரவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

பதில் (ஆடியாலஜிஸ்ட்):
அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவின் அடிப்பகுதி கீச்சொலிகளையும், உச்சி தாழ்ந்த ஒலிகளையும் உணர்கின்றன. உங்களுக்கு எஞ்சியிருப்பது உச்சிப் பகுதி. இம்ப்ளாண்டின் எலக்ட்ரோடு (காக்ளியாவுக்குள் செலுத்தும் மின்கம்பி) அடிப்பகுதி வழியாகவே நுழைவதால், மெல்லிய, நன்கு வளையும் எலக்ட்ரோடை வட்டச் சாளரம் என்னும் சவ்வு மூடிய இயற்கையான திறப்பின் வழியே மிக மெதுவாகச் செலுத்தி, அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டும் கொடுத்தால், உச்சியிலுள்ள செல்கள் தப்பும் வாய்ப்பு கூடுகிறது. அவை தப்பினால், அதே காதில் தாழ்ந்த ஒலிகளை மெஷின் வழியாகவும் மற்றவற்றை மின்தூண்டல் வழியாகவும் கேட்கலாம். இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியவும் இசையை ரசிக்கவும் இது பெரிதும் உதவும். எலக்ட்ரோடின் நீளத்தை அவசியம் கேளுங்கள். குட்டையானது மிச்சத்துக்குப் பாதுகாப்பு என்றாலும், அந்த மிச்சம் பின்னாளில் போய்விட்டால் தாழ்ந்த ஒலிகளுக்குரிய பகுதியை அதனால் எட்ட முடியாது.

பதில் (இம்ப்ளாண்ட் பொருத்திக்கொண்டவர்):
எனக்கு அறுவைக்குப் பின் கேள்திறன் நன்றாகவே மிஞ்சியது. நான்காம் மாதத்தில், புரொசஸரை (இம்ப்ளாண்டின் வெளியே அணியும் பகுதி) கழற்றிய பிறகும் வழக்கமாகக் கேட்கும் கதவு சாத்தும் ஓசை கேட்காமல் போனது. காக்ளியாவுக்குள் தழும்புத் திசு வளர்ந்தால் இப்படித் தாமதமாகவும் இழப்பு வரலாம் என்று விளக்கினார்கள். வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆயினும் இன்று மகளுடன் தொலைபேசியில் பேசுகிறேன். அறுவைக்கு முன் அது என்னால் முடிந்ததே இல்லை. மிச்சத்தைக் காக்க முயலுங்கள், ஆனால் அதற்காக அறுவையையே தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிற்பாடு கேள்திறன் குறைந்தால் உடனே தெரியுமா?

பதில் (ஆடியாலஜிஸ்ட்):
மெல்ல மெல்லக் குறைந்தால் உங்களுக்கே தெரியாது. எனவே ஒவ்வொரு மேப்பிங்கின்போதும் (இம்ப்ளாண்டின் மின்தூண்டல் அளவுகளைச் சரிசெய்யும்போதும்) புரொசஸர் இல்லாமல் ஆடியோகிராம் என்ற கேள்திறன் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். திடீரெனக் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதென்றால் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும்.